பதவி உயர்வுக் கோப்பில் ஒரு வருடத்தையே காணோம்: தில்லிக் கல்லூரி ஆசிரியர்கள் வழி சொல்லுங்கள்

முனிர்க்கா மாடிவீடு | ஞாயிறு, இரவு 10.12

எல்லாருக்கும் வணக்கம். தில்லியில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். 2019 ஜூலையில் லெவல் 11 (உதவிப் பேராசிரியர் ஊதிய நிலைகளில் ஒன்று) கிடைத்தது. 5 வருடம் முடிந்து 2024 ஜூலையிலேயே லெவல் 12-க்கு விண்ணப்பித்திருக்க வேண்டும். மாமியாரின் ஆஸ்பத்திரி, பெண்ணின் பத்தாம் வகுப்பு என்று தள்ளிக்கொண்டே போய், இப்போதுதான் பிபிஏஎஸ் என்ற பணி மதிப்பீட்டுப் படிவத்தைத் திறந்துவைத்து உட்கார்ந்திருக்கிறேன்.

படிவம் கேட்பது ஒன்றும் பெரிய விஷயமில்லை. வருடத்துக்கு எத்தனை வகுப்பு ஒதுக்கினார்கள், எத்தனை எடுத்தாய், வகுப்பு தவிர என்ன செய்தாய், அதற்கெல்லாம் அத்தாட்சி எங்கே. முதல் மூன்றுக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நாலாவதில்தான் மாட்டிக்கொண்டேன்.

2020-21 முழுக்க ஆன்லைன். வருகைப்பதிவை எக்செலில் வைத்திருந்தேன், அந்த லேப்டாப் 2022-இல் உயிரை விட்டது. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கொரோனா வருடம் தவிர ஒவ்வொரு குளிர்காலத்திலும் மாணவர்களை மெஹ்ரோலி தொல்லியல் பூங்காவுக்கு அழைத்துப் போவேன். ஜமாலி கமாலி, ராஜோன் கி பாவ்லி, பல்பனின் கல்லறை என்று நாள் முழுக்க நடை. ஒரு தடவைகூட எழுத்தில் ஆர்டர் வாங்கியதில்லை. "போய்ட்டு வாங்க மேடம், பத்திரம்" என்று பிரின்சிபால் சொல்வார், அதுதான் அனுமதி. அவர் ஓய்வுபெற்று ஊருக்கே போய்விட்டார்.

ஸ்டாஃப் ரூமில் ஒருவர் "பழைய தேதி போட்டு ஒரு லெட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், எல்லாரும் செய்வதுதான்" என்றார். மனசு ஒப்பவில்லை. வேறு வழி இருக்கிறதா?

---

ஜிடி எக்ஸ்பிரஸ் | ஞாயிறு, இரவு 10.31

நான் கேட்க நினைத்ததை நீங்கள் கேட்டுவிட்டீர்கள் அக்கா. துண்டு போட்டு இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டேன்.

---

மயூர் விஹார் தாத்தா | ஞாயிறு, இரவு 11.05

நான் ஓய்வுபெற்று ஆறு வருடம் ஆகிறது. இதைப் படித்ததும் பழைய வயிற்றெரிச்சல் திரும்ப வந்துவிட்டது.

2010-இல் யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) ஏபிஐ என்று ஒரு மதிப்பெண் முறையைக் கொண்டுவந்ததே, நினைவிருக்கிறதா? வகுப்புக்கு மார்க், கருத்தரங்குக்கு மார்க், கட்டுரைக்கு மார்க். அதற்கு முன்பு வருடத்துக்கு ஒரு கருத்தரங்கு நடந்த கல்லூரியில் வாரத்துக்கு ஒன்று நடக்க ஆரம்பித்தது. மேடையில் ஐந்து பேர், கீழே மூன்று பேர், சர்டிஃபிகேட் மட்டும் நூறு. காசு கொடுத்தால் கட்டுரை போடும் பத்திரிகைகள் மழைக்காலக் காளான் மாதிரி முளைத்தன. கடைசியில் யூஜிசியே 2018 மே மாதம் தன் பட்டியலில் இருந்து 4,305 பத்திரிகைகளைத் தூக்கி எறிய வேண்டியிருந்தது.

அதே வருடம் ஜூலையில் வந்த புதிய விதிமுறையில் மார்க் கணக்கு பெரும்பாலும் போய்விட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புத்தி மாறவில்லை. ஒரு வரலாற்று ஆசிரியை மாணவர்களைக் கையைப் பிடித்து மெஹ்ரோலிக்கு அழைத்துப் போகிறாள். அதற்கு அத்தாட்சி என்ன என்று கேட்டால், அந்த மாணவர்கள்தான் அத்தாட்சி! அவர்களைக் கூப்பிட்டுக் கேட்கட்டுமே. நீ ஏனம்மா குமாஸ்தா வேலை பார்க்கிறாய்?

---

ஓய்வுபெற்ற செக்‌ஷன் ஆபீசர் | திங்கள், காலை 6.40

தாத்தா சாருக்கு நமஸ்காரம். நான் அந்தக் குமாஸ்தா ஜாதிதான். கரோல்பாகில் வளர்ந்து, ஒரு கல்லூரி நிர்வாகப் பிரிவில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்து ரிட்டயர் ஆனவன். பதவி உயர்வுக் கோப்புகள் என் மேஜை வழியாகத்தான் போகும், எத்தனை என்று எண்ணி வைத்ததில்லை.

மேடம், முதலில் ஒரு டம்ளர் காபி குடியுங்கள். நீங்கள் நினைக்கிற அளவுக்கு நிலைமை மோசமில்லை.

நீங்கள் 5 வருடத்துக்கும் அத்தாட்சி தேடி அலைகிறீர்கள். 2018 விதிமுறையில் லெவல் 11-இலிருந்து 12-க்கு என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். கடைசி 5 வருடத்தில் குறைந்தது 4 வருடத்துக்கு "திருப்திகரம்" அல்லது "நன்று" இருந்தால் போதும். அதாவது ஒரு வருடம் விட்டுப்போனாலும் கோப்பு நிற்கும். எத்தனையோ பேர் இதைப் படிக்காமலே ஒரு வருடத்தைத் தேடி இரண்டு வருடம் வீணாக்கியதைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், அந்த "திருப்திகரம்" எவ்வளவு என்று பார்ப்போம். ஒதுக்கிய வகுப்பில் 80 சதவீதமும் அதற்கு மேலும் எடுத்திருந்தால் நன்று. 70 முதல் 80-க்குள் இருந்தால் திருப்திகரம். உங்கள் பதவிக்கு வாரம் 16 மணி நேரம், வருடத்துக்கு 30 வாரம், மொத்தம் 480 மணி. 70 சதவீதம் என்றால் 336. ஒழுங்காக வகுப்புக்குப் போகிறவர் யாருக்கும் இது குறையாது. வகுப்பு தவிர்த்த வேலையில் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ இருந்தால் திருப்திகரம், மூன்று இருந்தால் நன்று. தேர்வுப் பணி, விடைத்தாள் திருத்தல், மாணவர் மன்றம், என்எஸ்எஸ், களப்பயணம், கருத்தரங்கு நடத்துவது, ஆராய்ச்சித் திட்டம், ஒரு கட்டுரை வெளியிடுவது என எல்லாமே அதில் வரும். உங்கள் மெஹ்ரோலி நடை களப்பயணத்தில் வந்துவிடும். விடைத்தாள் திருத்தாத ஆசிரியரை நான் பார்த்ததில்லை. ஆக இரண்டு ஏற்கெனவே கையில் இருக்கிறது.

இப்போது அந்தப் பழைய தேதி லெட்டர் விஷயம். செய்யாதீர்கள். பாவம் புண்ணியத்துக்காகச் சொல்லவில்லை, மாட்டிக்கொள்வீர்கள் என்பதால் சொல்கிறேன். கல்லூரியில் இருந்து போகும் ஒவ்வொரு கடிதத்துக்கும் டெஸ்பாட்ச் ரிஜிஸ்டரில் ஒரு எண் உண்டு. 2021-இன் எண்கள் 2021-இலேயே முடிந்துவிட்டன, நடுவில் சொருக இடம் கிடையாது. ஒரு கோப்பு வந்தது. மூன்று கடிதம், மூன்று வெவ்வேறு வருடம். மூன்றிலும் ஒரே பிரிண்டரின் ஒரே கோடு, இடது ஓரத்தில். ஒன்றின் தேதி ஞாயிற்றுக்கிழமை. அதுகூடப் போகட்டும், லெட்டர்ஹெட்டில் நாக் (கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் அமைப்பு) கிரேடு அச்சாகியிருந்தது. கல்லூரி அந்த கிரேடை வாங்கியதே கடிதத் தேதிக்கு இரண்டு வருடம் கழித்து! வகுப்பெல்லாம் நன்றாக எடுக்கிற மனிதர்தான். ஒரு கடிதத்தால் அவருடைய உண்மையான தாள்களையும் கமிட்டி சந்தேகத்தோடு பார்த்தது.

சரியான வழி ரொம்ப எளிது. கடிதத்துக்கு இன்றைய தேதி, இன்றைய பிரின்சிபாலின் கையெழுத்து. வாசகம் மட்டும் "கல்லூரி ஆவணங்களின்படி இன்னார் இந்தக் கல்வியாண்டில் இந்தப் பணியைச் செய்ததாகத் தெரிகிறது" என்று இருக்க வேண்டும். எந்த ஆவணம் என்பதைக் கீழே எழுதி, நகலை இணைத்துவிட வேண்டும். இப்போதைய பிரின்சிபாலுக்கு உங்கள் பழைய வேலை தெரியாதுதான். ஆனால் ஆவணத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட அவருக்கு அதிகாரம் இருக்கிறது.

ஆவணம் எங்கே என்றுதானே அடுத்து கேட்பீர்கள்? மதியம் எழுதுகிறேன், கீஸரை ரிப்பேர் பண்ண ஆள் வந்திருக்கிறான்.

---

ஜிடி எக்ஸ்பிரஸ் | திங்கள், காலை 7.02

முக்கியமான இடத்தில் கீஸர்.

---

டெஸ்ட்யூப் | திங்கள், காலை 9.20

வேதியியல். 4/5 கணக்கு எனக்கே தெரியாது, நன்றி சார்.

விடைத்தாள் திருத்தியதற்கு ஒரு சுலபமான அத்தாட்சி உண்டு. பல்கலைக்கழகம் அதற்குக் காசு கொடுக்கிறது, எவ்வளவு அற்பத் தொகை என்றாலும் வங்கிக் கணக்கில்தான் விழும். நான் 2019-லிருந்து பாஸ்புக்கைப் பார்த்து, அந்த வரிகளை மட்டும் மஞ்சள் மையில் அடித்து, ஒரு நகல் வைத்தேன். எந்த செமஸ்டர் என்பதுகூட அதிலிருந்தே தெரிந்துவிடும்.

ஆன்லைன் வருட எக்செல் போனால் போகட்டும். கல்லூரி மின்னஞ்சல் கணக்கு இன்னும் வேலை செய்கிறதா? கூகுள் கிளாஸ்ரூமை மூடிவைத்திருந்தாலும் ஆர்க்கைவில் இருக்கும். கேலண்டரில் 2020 ஆகஸ்டுக்குப் போய்ப் பாருங்கள், நீங்கள் அனுப்பிய ஒவ்வொரு மீட் அழைப்பும் அங்கே வரிசையாக உட்கார்ந்திருக்கும். என்னுடையதைப் பார்த்தபோது ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஒவ்வொரு நாளும் காலை 8.30, கறுப்புச் சதுரங்களைப் பார்த்துப் பேசிய காலம்.

---

முனிர்க்கா மாடிவீடு | திங்கள், பகல் 12.50

கேலண்டரில் இருக்கிறது!! எல்லாம் இருக்கிறது. 2020 ஆகஸ்டிலிருந்து வரிசையாக. ஸ்டாஃப் ரூமில் சத்தம் போட்டுவிட்டேன், பக்கத்தில் இருந்த பொலிடிக்கல் சயின்ஸ்காரர் டீயைக் கொட்டிவிட்டார்.

தாத்தா, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் 2017 பேட்ச் மாணவர்களை நான் எங்கே போய்த் தேடுவது? ஒருத்தி கனடாவில் இருக்கிறாள்.

---

ஓய்வுபெற்ற செக்‌ஷன் ஆபீசர் | திங்கள், மாலை 4.15

கீஸர் முடிந்தது. 1,200 ரூபாய்.

ஆவணம் இருக்கும் இடங்கள், என் அனுபவத்தில் பலன் தந்த வரிசையில் சொல்கிறேன்.

நாக் அங்கீகாரம் வாங்கிய கல்லூரி ஒவ்வொரு வருடமும் ஏக்யூஏஆர் என்ற ஆண்டுத் தர அறிக்கையை அனுப்ப வேண்டும். கல்லூரி இணையதளத்தில் ஐக்யூஏசி (கல்லூரியின் தர உறுதிக் குழு) பக்கத்திலேயே பழைய வருடங்களின் அறிக்கைகளும் கிடக்கும், யாரும் திறப்பதில்லை. உங்கள் துறை அந்த வருடம் களப்பயணம் போனதை யாரோ ஒருவர் எண்ணிக்கைக்காகவாவது அதில் சேர்த்திருப்பார். கல்லூரியே கையெழுத்திட்டு நாக்குக்கு அனுப்பிய அறிக்கையை, அதே கல்லூரியின் கமிட்டி ஏற்க மாட்டேன் என்று சொல்ல முடியாது. இதைவிட வலுவான தாள் கிடையாது.

அடுத்து ஆண்டுவிழா அறிக்கை. பிரின்சிபால் மேடையில் வாசித்தாரே, நீங்கள் எல்லாரும் கொட்டாவி விட்டீர்களே, அதுதான். அது அச்சில் இருக்கும். அப்புறம் ஸ்டாஃப் கவுன்சில் மினிட்ஸ். கமிட்டிகளை வருடா வருடம் பிரித்துக் கொடுக்கும் பட்டியல் அதில் இருக்கும். நீங்கள் மறந்துபோன கமிட்டியில்கூட உங்கள் பெயர் இருக்கலாம். ஒரு மேடம் மூன்று வருடம் கேன்டீன் கமிட்டியில் இருந்ததைக் கோப்பில்தான் கண்டுபிடித்தார்.

டைம்டேபிள், வொர்க்லோடு ஸ்டேட்மென்ட் இரண்டையும் ஒவ்வொரு செமஸ்டருக்கும் துறையில் இருந்து ஆபீசுக்கு அனுப்புவார்கள். "ஒதுக்கப்பட்ட வகுப்பு" என்ற எண்ணுக்கு அதுதான் ஆதாரம். உங்கள் கணக்கில் வரும் எண்ணும் அந்த ஸ்டேட்மென்ட்டில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்கட்டும். கோப்பு திரும்பி வருவதற்கு முக்கால்வாசி நேரம் காரணம் இந்த மாதிரி சின்ன முரண்தான்.

களப்பயணத்துக்குப் பஸ் வைத்திருந்தால் அக்கவுண்ட்ஸில் வவுச்சர் இருக்கும்.

---

முனிர்க்கா மாடிவீடு | திங்கள், மாலை 4.40

மெட்ரோவில் போனோம் சார். குதுப் மினார் ஸ்டேஷன். அவரவர் கார்டு.

---

ஓய்வுபெற்ற செக்‌ஷன் ஆபீசர் | திங்கள், மாலை 4.52

😀 அப்போ வவுச்சர் கிடையாது. ஏக்யூஏஆரில் தேடுங்கள்.

---

நொய்டா லைன் | திங்கள், இரவு 9.30

நான் எல்லையைத் தாண்டி ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் இருக்கிறேன். உங்கள் பேச்சைக் கேட்கப் பொறாமையாக இருக்கிறது. எங்களுக்கு 4/5 எல்லாம் கிடையாது. ஒவ்வொரு மே மாதமும் போர்ட்டல் திறக்கும், 15 நாளில் மூடும். ஸ்கோபஸ் பட்டியலில் இருக்கும் பத்திரிகையில் கட்டுரை எத்தனை, மாணவர் கருத்து எவ்வளவு, அட்மிஷனுக்கு எத்தனை பேரைக் கூட்டி வந்தாய் என்பதுவரை கேட்பார்கள். பல வருடத்துக் கோப்பு என்ற பேச்சே இல்லை, வருடா வருடம் புதிதாகப் பிறக்க வேண்டும்.

இதில் ஒரு நல்ல பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பும் முன் பத்து நிமிடம். அந்த வாரம் வந்த கடிதம், மின்னஞ்சல், போஸ்டர், புகைப்படம் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, பெயரைத் தேதியில் ஆரம்பிப்பேன். நாலு வருடமாக விடாமல் செய்கிறேன். என் மனைவி அதற்கு "ஜாதகப் பெட்டி" என்று பெயர் வைத்திருக்கிறாள்.

---

மயூர் விஹார் தாத்தா | திங்கள், இரவு 10.10

அதைத்தான் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு ஆசிரியன் திங்கட்கிழமைக்குப் படிக்க வேண்டும். ஜாதகப் பெட்டி நிரப்பக் கூடாது.

செக்‌ஷன் ஆபீசர் சார், கோபித்துக்கொள்ளாதீர்கள். என் கேள்வி உங்களைப் பற்றியதல்ல. நல்ல ஆசிரியர் யார் என்று ஒரு கல்லூரிக்குள் எல்லாருக்கும் தெரியும். பியூனுக்குத் தெரியும். அந்தத் தெரிந்ததை எழுதிவைக்க இந்தப் படிவத்தில் கட்டம் இருக்கிறதா? இல்லை. 336 மணி நேரம் இருந்தானா என்றுதான் கேட்கிறது. அந்த 336 மணியும் மஞ்சள் பிடித்த நோட்டை வாசித்தவனுக்கும் அதே "திருப்திகரம்".

---

ஓய்வுபெற்ற செக்‌ஷன் ஆபீசர் | செவ்வாய், காலை 6.25

சார், நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. படிவம் நல்ல ஆசிரியரைக் கண்டுபிடிக்காது.

ஆனால் "எல்லாருக்கும் தெரியும்" என்ற காலத்தையும் நான் பார்த்திருக்கிறேன். யாருக்கு எல்லாரையும் தெரியுமோ அவருடைய ஃபைல்தான் முதலில் நகரும். ஊர்விட்டு ஊர் வந்து, இந்தி தட்டுத்தடுமாறிப் பேசி, யாரோடும் டீ குடிக்காமல் வகுப்பு உண்டு தான் உண்டு என்று இருந்த நம்மூர் ஆசிரியர் ஒருவரைப் பற்றிக் கூட்டத்தில் யாருக்குமே எதுவும் தெரியவில்லை. அவருடைய கோப்பு மட்டும்தான் பேசியது. தடித்த கோப்பு. சணல் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்.

---

மயூர் விஹார் தாத்தா | செவ்வாய், காலை 8.00

ம்ம். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

---

ஆர்.கே.புரம் தமிழாசிரியன் | செவ்வாய், பகல் 2.35

நேற்றிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். தில்லியில் தமிழ் கற்பிக்கிறவனின் கஷ்டம் தனி ரகம். அதையும் எழுதிவைக்கிறேன், யாருக்காவது உதவும்.

நான் லெவல் 13ஏ-இலிருந்து, அதாவது இணைப் பேராசிரியர் நிலையிலிருந்து, பேராசிரியர் பதவிக்குத் தயார் செய்கிறேன். கல்லூரியிலேயே பேராசிரியர் ஆகலாம் என்பது 2018-இல் கிடைத்த நல்ல விஷயம். அதற்கு 10 கட்டுரைகள் வேண்டும், அதில் 3 இந்த மதிப்பீட்டுக் காலத்தில் வந்திருக்க வேண்டும், ஆராய்ச்சி மதிப்பெண் 110. மொழிப் பாடங்களுக்கு ஒரு கட்டுரைக்கு 10. அறிவியல்காரர்களுக்கு 8 தான் என்று டெஸ்ட்யூப் சண்டைக்கு வருவார், ஆனால் அவர்களுக்கு இம்பாக்ட் ஃபாக்டர் (பத்திரிகையின் மேற்கோள் மதிப்பு) என்று மேலே மேலே ஏறிக்கொண்டே போகும். நம் பத்திரிகைக்கு எந்த ஃபாக்டரும் கிடையாது.

என் கட்டுரைகள் எல்லாம் தமிழில். கமிட்டியில் தமிழ் தெரிந்தவர் பாட வல்லுநர் மட்டும்தான், அவர் வருவது கடைசிக் கட்டத்தில். அதற்கு முன்னால் ஐக்யூஏசியில் தாள் சரிபார்க்கிறவருக்கு இது கட்டுரையா, கல்யாணப் பத்திரிகையா என்று தெரியாது. முன்பு ஒருமுறை என்னையே தலைப்பைப் படித்துக் காட்டச் சொன்னார்கள். படித்தேன். "அழகான மொழி" என்றார்கள். பிறகு ஃபைலைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இப்போது ஒவ்வொரு கட்டுரைக்கும் முன்னால் ஒரே ஒரு ஆங்கிலப் பக்கம் வைக்கிறேன். தலைப்பு, பத்திரிகையின் பெயர், ஐஎஸ்எஸ்என் (இதழின் பதிவு எண்), தொகுதி, பக்க எண், நாலு வரிச் சுருக்கம். பின்னால் பத்திரிகையின் அட்டை, பொருளடக்கம், கட்டுரை. பொருளடக்கத்தில் என் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு அம்புக்குறி. இந்த அம்புக்குறிக்குப் பிறகுதான் கோப்பு திரும்பி வருவது நின்றது.

மொழிபெயர்ப்பு செய்கிற நண்பர்களே, அதற்கும் கணக்கு உண்டு. புத்தகம் என்றால் 8, ஓர் அத்தியாயம் அல்லது கட்டுரை என்றால் 3. பலர் இதைப் பொழுதுபோக்கு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

மனசு வலிக்கிற விஷயம் ஒன்று. நான் எழுதியதிலேயே உருப்படியானவை என்று நினைப்பவை சிற்றிதழில் வந்தவை. ஐஎஸ்எஸ்என் இல்லை, மதிப்புரையாளர் குழு இல்லை, சில இதழ்களுக்கு அடுத்த இதழே இல்லை. ஒரு மதிப்பெண்கூடத் தேறாது. ஆனாலும் கோப்பின் கடைசியில் "பிற எழுத்துகள்" என்று ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். யாரும் படிக்கப் போவதில்லை. இருந்துவிட்டுப் போகட்டும். பழைய இதழ் ஒன்று என்னிடமே இல்லாமல், தில்லித் தமிழ்ச் சங்க நூலகத்தில் தேடிப் பார்த்து, அங்கும் இல்லாமல், கடைசியில் மதுரையில் ஒரு நண்பர் வீட்டுப் பரணில் இருந்து வந்தது. கரப்பான் அரித்தது போக மீதி.

---

டெஸ்ட்யூப் | செவ்வாய், மாலை 5.10

சண்டைக்கெல்லாம் வரவில்லை சார். எங்கள் கஷ்டம் வேறு. என் கட்டுரையில் ஏழு பேர் பெயர் இருக்கும். இரண்டு பேர் எழுதினால் ஆளுக்கு 70 சதவீதம். அதற்கு மேல் போனால் முதல் ஆசிரியருக்கும் தொடர்பு ஆசிரியருக்கும் 70, மற்றவர்களுக்கு 30. அதனால் யார் தொடர்பு ஆசிரியர் என்று முதல் பக்கத்திலேயே தெரிகிற நகலை வையுங்கள். சில பத்திரிகைகளில் ஒரு குட்டி நட்சத்திரம் மட்டும்தான் இருக்கும், ஜெராக்ஸில் அது காணாமல் போய்விடும். எனக்குப் போனது. 70 முப்பதாகி, பிறகு மின்னஞ்சல் காட்டித் திரும்ப வாங்கினேன்.

பத்திரிகைப் பட்டியல் பற்றியும் ஒரு வார்த்தை. யூஜிசி கேர் பட்டியல் 2019-இல் வந்தது, 2025 பிப்ரவரியில் அதைக் கைவிட்டதாக அறிவித்துவிட்டார்கள். அதற்கு முன் கட்டுரை போட்டவர்கள், அன்றைக்குப் பத்திரிகை பட்டியலில் இருந்ததற்குத் தேதியோடு ஒரு ஸ்க்ரீன்ஷாட் வைத்திருந்தால் பிழைத்தார்கள். இல்லாவிட்டால் பத்திரிகை ஆசிரியர் குழுவுக்கு எழுதிச் சான்று கேளுங்கள், நல்ல பத்திரிகை என்றால் தருவார்கள்.

2025 ஜனவரியில் புதிய வரைவு ஒன்றும் வந்தது. அதில் மதிப்பெண் பேச்சை விட்டுவிட்டு 9 வகைப் "குறிப்பிடத்தக்க பங்களிப்புகள்" என்று ஆரம்பித்திருந்தார்கள். எது வந்தாலும் தாள் கேட்பார்கள், அதில் சந்தேகம் வேண்டாம்.

---

துவாரகா செக்டர் 10 | செவ்வாய், இரவு 8.45

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கு 2022-இல் 6 மாதம் பிரசவ விடுப்பு, பிறகு கொஞ்சம் சிசிஎல் (குழந்தை பராமரிப்பு விடுப்பு). அந்த வருடம் வகுப்பு சதவீதம் 40 கூடத் தேறாது. அந்த வருடத்தைத்தான் 4/5-இல் விடப்பட்ட ஒன்றாகக் கணக்கு வைக்க வேண்டுமா?

---

ஓய்வுபெற்ற செக்‌ஷன் ஆபீசர் | செவ்வாய், இரவு 9.05

வேண்டாம் அம்மா, அந்தச் சலுகையை இதில் செலவழிக்காதீர்கள். பிரசவ விடுப்பு, குழந்தை பராமரிப்பு விடுப்பு, படிப்பு விடுப்பு, மருத்துவ விடுப்பு எல்லாவற்றையும் கணக்கில் இருந்து கழித்துவிட வேண்டும் என்று அதே அட்டவணைக்குக் கீழே எழுதியிருக்கிறது. வேலையில் இருந்த மாதங்களுக்கு மட்டும் சதவீதம் போடுங்கள். விடுப்பு ஆர்டர் நகலை அந்த வருடத் தாளுக்குப் பின்னாலேயே குத்திவிடுங்கள், கேள்வி வரும் முன் பதில் அங்கே இருக்கட்டும்.

---

துவாரகா செக்டர் 10 | செவ்வாய், இரவு 9.07

சார் நீங்கள் எங்கே இருந்தீர்கள் இத்தனை நாள்.

---

ஜிடி எக்ஸ்பிரஸ் | செவ்வாய், இரவு 11.30

என் முறை. நிரந்தரமாகி இரண்டு வருடம் ஆகிறது. அதற்கு முன் 8 வருடம் அட்-ஹாக். 4 மாதத்துக்கு ஒரு அப்பாயிண்ட்மென்ட் லெட்டர், முடிந்ததும் ஒரு நாள் பிரேக், மறுபடி லெட்டர். மூன்று கல்லூரிகள். எண்ணிப் பார்த்தேன், 23 லெட்டர் இருக்கிறது. ஒன்றை மட்டும் காணோம். வீடு மாறியபோது லக்ஷ்மி நகரிலேயே விட்டுவிட்டேன் என்று நினைக்கிறேன். இந்த 8 வருடம் எண்ணப்படுமா?

---

ஓய்வுபெற்ற செக்‌ஷன் ஆபீசர் | புதன், காலை 6.30

தம்பி, விதிமுறையில் இடம் இருக்கிறது, நிபந்தனையோடு. அப்போதே தகுதி இருந்திருக்க வேண்டும், முறையான தேர்வுக்குழு வழியாக எடுத்திருக்க வேண்டும், மொத்தச் சம்பளம் நிரந்தர ஆசிரியருக்குக் குறையாமல் இருந்திருக்க வேண்டும். அதனால் அப்பாயிண்ட்மென்ட் லெட்டர் மட்டும் போதாது. தேர்வுக்குழு பரிந்துரையைக் குறிப்பிட்டு ஒரு சான்றும், சம்பளப் பட்டியலும் ஒவ்வொரு கல்லூரியில் இருந்தும் வாங்க வேண்டும். அந்த ஒரு நாள் பிரேக்கைப் பார்த்து யாராவது புருவத்தை உயர்த்துவார்கள், அதைச் சேவைச் சான்றிலேயே தேதிவாரியாகக் காட்டிவிடுங்கள்.

தொலைந்த லெட்டருக்கு அந்தக் கல்லூரி ஆபீசில் அலுவலக நகல் இருக்கும். ஃபோனில் கேட்காதீர்கள். விண்ணப்பம் எழுதி, இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் ரிசீவிங் (பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் ஆபீஸ் டயரி எண்ணும்) வாங்குங்கள். டயரி எண் இல்லாத காகிதம் ஆபீசில் பிறக்கவே இல்லை என்று அர்த்தம். போகும்போது மதியம் 1 மணிக்குப் போகாதீர்கள், லஞ்ச். 3 மணிக்குப் போங்கள். கொஞ்சம் இனிப்பு வாங்கிப் போனால் தப்பில்லை, அது லஞ்சம் ஆகாது, தீபாவளி சமயம்தானே.

---

ஜிடி எக்ஸ்பிரஸ் | புதன், காலை 6.34

சார் உங்களுக்கு ஒரு கிலோ ஜாங்கிரி.

---

முனிர்க்கா மாடிவீடு | மூன்று வாரம் கழித்து, வெள்ளி, மாலை 5.20

எல்லாருக்கும் ஒரு தகவல்.

2021-22, 22-23, 23-24 மூன்றுக்கும் மெஹ்ரோலி நடை ஏக்யூஏஆரில் இருந்தது. 2019-20-க்கு அதில் இல்லை. ஆண்டுவிழா அறிக்கையில் ஒரே ஒரு வரி கிடைத்தது, அதிலும் மெஹ்ரோலிக்குப் பதில் "மெஹந்தி" என்று அச்சுப்பிழை! பிரின்சிபால் அதைப் பார்த்து முதன்முறையாகச் சிரித்தார். அந்தக் குளிர்காலத்தில் துறைக் குழுவில் நானே போட்ட வாட்ஸ்அப் செய்தியையும் புகைப்படத்தையும் சேர்த்து வைத்ததும், இன்றைய தேதியில் சான்று கொடுத்துவிட்டார். 2020-21 கேலண்டரை மாதவாரியாக அச்சடித்தேன், டைம்டேபிளோடு ஒப்பிட்டதில் 91 சதவீதம் வந்தது. விட்டுவிடலாம் என்று நினைத்த வருடம்தான் கடைசியில் எல்லாவற்றையும்விட ஒழுங்காக இருக்கிறது.

பழைய பிரின்சிபாலுக்கும் ஃபோன் பண்ணினேன், தாள் எதுவும் கேட்கவில்லை, சும்மா. "இன்னும் அந்தப் பிள்ளைகளை நடக்க விடுகிறாயா, பத்திரம்" என்றார். தாத்தா, இது உங்களுக்காக.

கோப்பு 214 பக்கம். இன்று மதியம் 3 மணிக்குக் கொடுத்தேன்.

---

மயூர் விஹார் தாத்தா | வெள்ளி, மாலை 5.41

அடுத்த நடைக்கு என்னையும் கூப்பிடு. முட்டி வலிக்கும், பரவாயில்லை. பல்பன் வரை வருகிறேன்.

---

ஓய்வுபெற்ற செக்‌ஷன் ஆபீசர் | வெள்ளி, மாலை 6.00

மெத்த மகிழ்ச்சி. ரிசீவிங் வாங்கினீர்களா?

---

முனிர்க்கா மாடிவீடு | வெள்ளி, மாலை 6.03

டயரி எண்ணோடு வாங்கிவிட்டேன் சார். படி இறங்கும் முன்பே ஃபோட்டோ எடுத்து மூன்று இடத்தில் வைத்துவிட்டேன். ஒன்று என் பெண்ணின் ஃபோனில்.